வெளியே முதல் தரம், உள்ளே இரண்டாந்தரம்

நம் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். குளியலறைக்குள் போனதும் முன்பெல்லாம் கண்ணாடியைப் பார்ப்போம். இப்போது தரையைப் பார்க்கிறோம். ஈரமாக இருக்கிறதா, பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஏதாவது உண்டா என்று கண் தானாகவே தேடுகிறது.

மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து என் அக்கா என்னோடு தங்க வருகிறாள். அதற்காக எங்கள் அப்பா காலத்து வீட்டைக் கொஞ்சம் சரி செய்யலாம் என்று ஒரு கான்ட்ராக்டரை வரச் சொன்னேன். பின்பக்கக் குளியலறையைப் பார்த்தவர், "இந்தப் பழைய தரைய ஒடச்சிட்டு ஆன்டி-ஸ்கிட் போட்டுடலாங்க. சொரசொரன்னு இருக்கும், வழுக்காது" என்றார். கைபேசியில் படமும் காட்டினார். தரையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்க்கச் சொன்னேன். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "இது எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்டார். கம்பெனி வேண்டாம் என்று கொட்டியதுதான் அது என்று நான் சொல்லவில்லை. சுவரில் ஒரு கைப்பிடி மட்டும் வையுங்கள், தரையைத் தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்தத் தரை வந்த கதையை வரிசையாக எழுதிவைக்க வேண்டும் என்று அன்றே தோன்றியது. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பின்னாளில் வந்தது. அந்தக் கோடைக்கு ஞாபகத்தைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. உறுதியில்லாத இடங்களில் உறுதியில்லை என்றே எழுதுகிறேன்.

அப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தார். சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றினால் அதிலிருந்து வைக்கோல் உதிரும். பீங்கானை வைக்கோல் சுற்றித்தான் பெட்டியில் அடுக்குவார்கள். அம்மா, கல்யாணத்துக்கு முன்னால் அதே தொழிற்பேட்டையில் வேறொரு இடத்தில் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தவர். எங்கள் தெருவில் பீங்கானோடு தொடர்பில்லாத வீடு ஒன்றுகூட இருந்ததாக நினைவில்லை. துணி காயப்போடும் கயிறு, மின்கம்பத்தில் இருக்க வேண்டிய பீங்கான் குமிழில் கட்டியிருக்கும். கதவுக்கு முட்டுக்கொடுப்பது பியூஸ் கட்டை. ஊறுகாய் ஜாடிக்கு வாய் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு கண் எழுதி மறு கண் எழுதாமல் விட்டுப்போன பொம்மை ஒன்று என்னிடம் இருந்தது. அதை எப்போதும் எழுதாத பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்திருப்பேன். அது எப்போது, எப்படித் தொலைந்தது என்று தெரியவில்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எழுத்துக் கற்பதற்கு முன்பே மூன்று சொற்களைக் கற்றுவிடுவோம். சூளையிலிருந்து வருவதை மூன்றாகப் பிரிப்பார்கள். முதல் தரம், இரண்டாந்தரம், உடைசல். முதல் தரம் ஊரைவிட்டுப் போய்விடும். இரண்டாந்தரம் எங்கள் வீடுகளுக்கு வரும். உடைசல் வாய்க்கால் கரைக்குப் போகும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் அம்மா அப்பாவுக்கு இரண்டாந்தாரம். மூத்தவர் காய்ச்சலில் இறந்தபோது அவர் பெண்ணுக்கு மூன்று வயது. அந்தப் பெண்தான் என் அக்கா. அப்பாவின் மூத்த சகோதரி, அதாவது என் அத்தை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நல்லூருக்குப் போய்விட்டார். அத்தைக்குப் பிள்ளை கிடையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அக்காவை அழைத்துவருவார், தங்க வைக்காமல் அழைத்துப்போவார். பஸ் ஏறும்வரை நான் அக்காவின் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டே நடப்பேன்.

அந்தக் கோடையில் அக்கா எட்டாவது முடித்திருந்தாள். இங்கே பெரிய பள்ளியில் ஒன்பதாவது சேர்க்கலாம், வீட்டோடு இருக்கட்டும் என்று அப்பா நல்லூருக்குப் போய்க் கேட்டார். அடுத்த வாரமே அத்தை எங்கள் வீட்டைப் பார்வையிட வந்தார். சமையலறையைப் பார்த்தார், அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார், கடைசியில் கொல்லைக்குப் போனார். அங்கே கிணற்றடியில் மூன்று பக்கம் ஓலைத்தட்டி, நாலாவது பக்கம் ஒரு கோணிப்படுதா. அதுதான் எங்கள் குளியலறை.

அத்தை படுதாவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வயசுக்கு வந்த புள்ளய இந்த ஓலை மறைவுல குளிக்க வெக்கறதுக்கா நான் வளத்தேன்? செவுரு வேணும், மேல மூடு வேணும், உள்பக்கம் தாப்பா வேணும். கட்டிட்டு ஆள் அனுப்பு தம்பி, நானே கொண்டாந்து வுடறேன்."

போகும்போது அம்மாவின் காதில் விழும்படி இன்னும் ஒன்று சொன்னார். "பீங்கான் கம்பெனில வேல பாக்கற. ஒம் பொண்ணு நிக்கற எடத்துக்காவது மொத தரமா நாலு கல்லு போடு. ரெண்டாந்தாரம் வந்த வூட்ல எல்லாமே ரெண்டாந்தரமாத்தான் இருக்கணுமா?"

அத்தை தெருமுனை திரும்பியதும் அம்மா என்னிடம் சொன்னார்: "ரெண்டாந்தரம்னா மட்டம் இல்ல பாப்பா. அதுவும் சூளையில வெந்ததுதான். கொஞ்சம் கோணிப்போச்சி, அவ்ளோதான்."

பள்ளி திறப்பதற்குள் குளியலறை கட்டியாக வேண்டும். அதைத் தவிர அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அப்பாவின் சம்பளத்தில் செங்கல்லும் சிமெண்டும் கொத்தனார் கூலியும் மட்டுமே அடங்கும். மற்றதையெல்லாம் அம்மா திரட்டினார். ரயிலடிப் பக்கம் யாரோ பிரித்த கொட்டகையிலிருந்து கல்நார் ஓடு இரண்டு வந்தன. ஒன்றில் ஓட்டை இருந்தது. தார்ச்சாலை போடுகிறவர்களிடம் ஒரு கொட்டாங்கச்சி தார் வாங்கிவந்து அடைத்தார். கதவுக்கு அப்பா கம்பெனியின் பழைய பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்தார். சாமானை எந்தப் பக்கம் மேலே வைக்க வேண்டும் என்று காட்ட அவற்றில் கறுப்பு மையில் அம்புக்குறி போட்டிருக்கும். அப்பா பலகையைத் தலைகீழாக அடித்துவிட்டார். அம்பு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. சரி செய்தால் ஆணி வீண், பலகையும் பிளந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டோம்.

தரைக்குத்தான் வழக்கு. ஆயுதபூஜைக்குக் கம்பெனியில் கொடுத்த முதல் தர வெள்ளைக் கல், இப்போது டைல்ஸ் என்கிறோமே அது, ஒரு பெட்டி பரணில் இருந்தது. முகம் தெரியும் பளபளப்பு. அப்பா அதை எதற்கும் எடுக்க விடாமல் வைத்திருந்தார். இப்போது அவரே இறக்கினார். மகள் நிற்கும் தரைக்கு அதுதான் என்றார்.

அம்மா கூடாது என்றார். வாக்குவாதம் செய்யவில்லை. துவைக்கிற கல் மேல் வெள்ளைக் கல் ஒன்றையும், மெருகு சரியாகப் பிடிக்காமல் கழித்துப்போட்ட இரண்டாந்தரக் கல் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் தண்ணீர் ஊற்றினார், சீயக்காய்த் தண்ணீரும் கொஞ்சம். என்னை ஏறி நிற்கச் சொன்னார். வெள்ளைக் கல்லில் கால் வைத்தேன். அடுத்த கணம் அம்மாவின் இடுப்பில் முகம் மோதிக் கிடந்தேன். நான் விழுவேன் என்று தெரிந்து அவர் முன்னாலேயே வந்து நின்றிருக்கிறார். இரண்டாந்தரக் கல், பூனை நாக்கு மாதிரி உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டது.

"வெளிய பாக்கறவங்களுக்குப் பளபளப்பு போதும்" என்றார் அம்மா. "உள்ள நிக்கறவளுக்குக் கால் பிடிக்கணும்."

அப்படியாக வெள்ளைக் கல் முழுவதும் வெளிச்சுவருக்குப் போயிற்று. அப்பாவுக்கு மனசே இல்லை. மகளுக்கு மட்டமானதைப் போட்டுவிட்டோம் என்று அத்தை சொல்லுவாரே என்ற கவலை அவருக்கு. அந்தக் கவலைதான் பின்னால் எல்லாவற்றையும் குழப்பியது.

உள்தரைக்கு நானும் அம்மாவும் கம்பெனிக்குப் பின்னால் கொட்டிய குவியலில் போய்ப் பொறுக்கினோம். கேட்டில் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். வெயிலில் கல் சுட்டது. அம்மா ஒவ்வொன்றையும் எடுத்து விரல் முட்டியால் தட்டிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். ணங்கென்றால் உரப்பையில் போடுவார். டப்பென்றால் உள்ளே விரிசல், தூர எறிந்துவிடுவார். ஒரே நிறம் கிடைக்கவில்லை. வெள்ளைபோன்ற மஞ்சள், மஞ்சள்போன்ற சாம்பல், விளிம்பு மட்டும் பழுப்பு. சில கல்லில் யாரோ ஒருத்தியின் விரல் ரேகை சுட்டுப்போய் நிலைத்திருந்தது.

கொத்தனார் நல்ல வேலைக்காரர். ஆனால் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு வாட்டம் போதாது, தண்ணீர் மூலையில் தேங்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் அவருக்குக் கை ஓடவில்லை. ஒரு கட்டத்தில் கரண்டியை நீட்டினார். "இந்தாங்கம்மா, நீங்க பூசுங்க. நான் போயி ஒல வெக்கறன். கொழம்பு எதுன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார். அம்மா என்னிடம் கோலிக்குண்டு கேட்டார். நான்கு மூலையிலும் வைத்து விட்டுப் பார்த்தார். மூன்று மூலையிலிருந்து குண்டு உருண்டு, தண்ணீர் வெளியேறும் தூம்புவாய்க்குப் போயிற்று. நாலாவது மூலையில் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. கொத்தனார் அதைச் சற்றுநேரம் பார்த்தார். "குண்டு சோம்பேறிம்மா" என்று சொல்லிவிட்டு அந்த மூலையைப் பெயர்த்தார்.

வேலை முடிந்தது. தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு அப்பா என்னையும் அழைத்துப் போனார். நல்லூரில் அத்தை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் உரக்கடை, அங்கேதான் போன். கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கியதும் அப்பாவுக்குப் பதற்றம் வந்துவிடும். சத்தமாகப் பேசுவார், சத்தமாகப் பேசினால் எழுத்துகள் இழுபடும். அவர் கத்தியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அண்ணங்களா? விருத்தாசலத்துலேர்ந்து பேசறன். எங்கக்காகிட்டயும் பொண்ணுகிட்டயும் சொல்லிடுங்க. எல்லாம் முடிஞ்சிது. மொத தரத்த வெளிய போட்டாச்சி. உள்ள ரெண்டாந்தரந்தான். ஞாயித்துக்கெழம வரேன்."

அத்தை வந்து பார்த்துவிட்டுச் சண்டை பிடிப்பதற்கு முன் நாமே சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு பூத்தைவிட்டு வெளியே வந்தார். எனக்கு ஒரு தேன்மிட்டாய் வாங்கித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா காலையிலேயே தலைகுளித்து, முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்து, எண்ணெய்க்கத்தரிக்காய் வைத்தார். புதுக் குளியலறையில் யாரும் குளிக்கக் கூடாது என்று உத்தரவு. "பெரியவ வந்து மொத சொம்பு ஊத்தட்டும்" என்றார். சிமெண்டு இறுக வாரம் முழுக்க அவரே நனைத்த தண்ணீர் கணக்கில் வராது போலும். அக்காவை அழைத்துவர நல்லூர் போயிருந்த அப்பா, பஸ்ஸைவிட்டு இறங்கித் தனியாக நடந்து வந்தார். கால் கழுவினார், குடையை மாட்டினார்.

"வரலியா?"

"வரலியாம்."

"ஏன்?"

"இஷ்டமில்லியாம்."

என்ன, ஏது என்று அவர் நல்லூரில் கேட்கவில்லை. அப்பாவின் இயல்பு அது. ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர். அக்காவுக்குச் சின்னம்மாவைப் பிடிக்கவில்லை என்று அவர் முடிவு செய்தார். அத்தைதான் கெடுக்கிறாள் என்று பக்கத்து வீட்டம்மா முடிவு செய்தார். நானும் அதையே நம்பினேன். அம்மா மட்டும், "என்னப் புடிக்கலன்னா நான் என்ன பண்றது. வூட்ல ஏதாச்சும் புடிக்கலன்னா சரி பண்ணலாம்" என்றார்.

அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு குறையாகத் தேடத் தொடங்கினார். கதவுப் பலகைகளுக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அதற்குச் சட்டம் அடித்தார். பின்வீட்டு மாடியிலிருந்து கூரை இடுக்கு வழியாக உள்ளே தெரியுமோ என்று சந்தேகப்பட்டு, நாற்காலி மேல் என்னை ஏற்றிப் பார்க்கச் சொன்னார். தெரியவில்லை, ஆனாலும் சுவரை ஒரு வரிசை உயர்த்தினார். துணி மாட்டப் பீங்கான் குமிழ் பதித்தார். பிறகு குளியலறையை விட்டு வீட்டுக்குள் வந்தார். கூடத்து மேற்குச் சுவரில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சுவரில்தான் மூத்தவரின் படம் மாட்டியிருந்தது. சட்டத்துக்குள் ஈரம் இறங்கி, மூலையில் ஒரு பழுப்புக் கறை படத்தின் தோள்வரை வந்திருந்தது. அம்மா படத்தை இறக்கித் துடைத்து, எதிர்ச் சுவரில், வாசல் நிலைக்கு மேலே மாட்டினார். மேற்குச் சுவரில் ஆணியும், ஒரு சதுர வெளுப்பும் மிச்சம்.

பள்ளி திறக்க இரண்டு நாளோ மூன்று நாளோ இருக்கும்போது, அழைக்காமலே அத்தை வந்தார். அக்காவும் கூட வந்திருந்தாள். அக்கா கையில் காலிப் பை ஒன்று இருந்தது. நான் ஓடிப்போய்த் தாவணியைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அம்மா கொடுத்த மோரை அத்தை தொடவில்லை. கூடத்தில் நின்றபடியே மேற்குச் சுவரைப் பார்த்தார். வெற்று ஆணியைப் பார்த்தார்.

"நெசந்தான்" என்றார். "நான் அதுவரைக்கும் நம்பல. அவ சாமான் என்னென்ன இருக்குதோ குடுத்துடு. குத்துவௌக்கு, தூக்குச்சட்டி, அந்தப் படம். பொண்ணு வெச்சிக்குவா. வெளிய போட்டதுக்கப்பறம் ஒங்களுக்கு எதுக்கு?"

"யாரு அண்ணி வெளிய போட்டது?"

"என்னா யாரு? எந் தம்பியே போன்ல சொல்லிவுடறான். மொத தாரத்த வெளிய போட்டாச்சி, உள்ள ரெண்டாந்தாரந்தான்னு. உரக்கடக்காரரு வாசல்ல நின்னு சொன்னாரு. தெருவே கேட்டுச்சி. இந்தப் புள்ள அன்னிலேர்ந்து சரியா சோறு திங்கல."

அப்பா குறுக்கே வந்தார். "தரம்" என்றார். "தாரம் இல்லக்கா. தரம்."

"என்னா தரம்?"

நல்லூரில் நெல் விளையும், கரும்பு விளையும். இரண்டாந்தரம் என்று அங்கே யாரும் தினம் பத்துமுறை சொல்வதில்லை. எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த சொல், பதினைந்து மைல் தாண்டியதும் ஒரு கால் முளைத்து வேறு சொல்லாகிவிட்டது.

அம்மா சிரிக்கவில்லை. அத்தையின் தோளைத் தொட்டு மெல்லத் திருப்பினார். "மொதல்ல இதப் பாருங்க அண்ணி" என்றார். வாசல் நிலைக்கு மேலே, கறை துடைத்த கண்ணாடிக்குள், மூத்தவர் கனகாம்பரத்தோடு எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்த இருவரும் அவருக்குக் கீழேதான் வந்திருக்கிறார்கள். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த பை கீழே விழுந்தது.

பிறகு அம்மா அத்தையைக் கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனார். "இதான் மொத தரம், வெளிய போட்டது" என்று வெள்ளைச் சுவரைக் காட்டினார். கதவைத் திறந்தார். "இதான் ரெண்டாந்தரம். வழுக்காது."

அத்தை தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில் கதவில் கண் நின்றது.

"அது என்னா, அம்பு கீழப் பாத்துக்கிட்டு நிக்குது?"

"ஒங்க தம்பி அடிச்சது."

"அதான பாத்தேன்" என்றார் அத்தை. "சேதி அனுப்பனாலும் தலகீழு, கதவு அடிச்சாலும் தலகீழு."

அப்போதுதான் அக்கா சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து நான் சிரித்தேன். அப்பா கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் எதையோ தேடுவதுபோல் நின்றார்.

அம்மா இரண்டு குடம் தண்ணீர் இறைத்து வைத்தார். அக்கா உள்ளே போனாள், தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் எல்லாரும் வேறு வேலையாக இருப்பதுபோல் கொல்லையிலேயே நின்றோம். முதல் சொம்பு ஊற்றும் சத்தம் கேட்டது. தண்ணீர் தூம்புவாய் வழியாக வெளியே வந்து, வாழைக்கன்றுப் பக்கம் சமர்த்தாக ஓடியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சித்தி, வழுக்கல."

அதற்கு முன் அக்கா அம்மாவை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

அக்கா வெளியே வந்ததும் அத்தை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் ஒரு கொடம் எடுத்து வெய்யி. பஸ்ஸுல ஒரே புழுக்கம்" என்று அம்மாவிடம் சொன்னார். எங்கள் வீட்டில் அவர் தண்ணீர் கேட்டது அதுவே முதல்முறை. மன்னிப்பை அவர் அப்படித்தான் கேட்டார் என்று பலநாள் நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி. சுவர், கூரை, தாழ்ப்பாள் என்று அன்றைக்கு அடுக்கியபோது, இவர்களால் இதெல்லாம் எங்கே முடியப்போகிறது என்று அவர் நம்பியிருப்பார். மூன்று வயதில் தூக்கிப்போய் வளர்த்த பிள்ளையை இனி இங்கே விட்டுவிட்டுப் போக வேண்டும். நாங்கள் கட்டி முடிப்போம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அத்தை நெடுநேரம் குளித்தார். தண்ணீர்ச் சத்தம் நின்ற பிறகும் தாழ்ப்பாள் திறக்கவில்லை. கடைசியில் வெளியே வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. நான் பார்ப்பதைக் கண்டு, "சோப்பு கண்ணுல பட்டுடுச்சிடி" என்றார்.

அன்று உள்ளே மாடத்தில் அம்மா வைத்திருந்தது பாசிப்பயற்று மாவு மட்டும்தான்.